தலைமடையை அடைக்கும் மருந்து: எச்பிபிடி நொதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் வகை டைரோசினீமியா, ஒரு நொதி வேலை செய்யாததால் வரும் பரம்பரை நோய். அதற்குத் தரப்படும் நிட்டிசினோன் என்ற மருந்தோ, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கும் எச்பிபிடி என்ற இன்னொரு நொதியையும் முடக்கிவிடுகிறது. "சரியாகத்தான் சொல்கிறீர்களா?" என்று முதல் முறை கேட்பவர்கள் திருப்பிக் கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். அந்தச் சந்தேகத்தில் இருந்து கிளைத்த கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இது புரிந்துகொள்வதற்கான பக்கம். மருந்தின் அளவையோ உணவையோ இதைப் படித்துவிட்டு மாற்ற வேண்டாம்.

எச்பிபிடி என்பது என்ன?

முழுப்பெயர் 4-ஹைட்ராக்சிஃபீனைல்பைருவேட் டைஆக்சிஜனேஸ். ஒரு முறை சொல்லியாயிற்று; இனி எச்பிபிடிதான். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அதிகம் காணப்படும் நொதி. இதற்கான மரபணு 12ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

நாம் உண்ணும் புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. உடல் தன் சொந்தப் புரதங்களுக்கும், தைராய்டு ஹார்மோனுக்கும், அட்ரினலினுக்கும், தோலின் நிறமிக்கும் வேண்டிய அளவை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவதைச் சேமித்து வைக்க உடலுக்கு வழியில்லை, எரித்தாக வேண்டும். அந்த எரிப்பு ஐந்து படிகளில் நடக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. ஐந்து மடைகள் வரிசையாக உள்ள ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்பிபிடி அதில் இரண்டாவது மடை.

வேதியியல் பிடித்தவர்களுக்கு ஒரு தகவல். இந்த நொதி ஒரே மூச்சில் மூன்று வேலைகளைச் செய்கிறது: மூலக்கூறில் இருந்து கார்பன் டை ஆக்சைடை வெட்டி எறிகிறது, வளையத்தில் ஆக்சிஜனை ஏற்றுகிறது, பக்கச் சங்கிலியைப் பிடுங்கிப் பக்கத்துக் கார்பனில் நடுகிறது. இத்தனைக்கும் அதன் நடுவில் இருப்பது ஒற்றை இரும்பு அணு. இதன் முடிவில் வெளிவருவதுதான் ஹோமோஜென்டிசிக் அமிலம். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

ஐந்து மடைகளில் எது கெட்டால் என்ன நோய்?

முதல் மடை கெட்டால் இரண்டாம் வகை டைரோசினீமியா: கண்ணில் புண், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வலிக்கும் தடிப்புகள். இரண்டாவது, அதாவது எச்பிபிடியே கெட்டால், மூன்றாம் வகை. மூன்றாவது கெட்டால் அல்காப்டோனூரியா. நான்காவது மிக மிக அரிது, விட்டுவிடலாம். ஐந்தாவது மடையின் காவலாளியான எஃப்ஏஎச் என்ற நொதி கெட்டால் முதல் வகை டைரோசினீமியா. கூட்டத்திலேயே கொடியது இதுதான். நோய்களுக்கு எண் போட்டவர்கள் வாய்க்காலின் வரிசையைப் பின்பற்றவில்லை. அதனால் ஐந்தாவது மடையின் நோய்க்கு முதல் எண் கிடைத்திருக்கிறது, குழம்ப வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. ஐந்தும் ஒரே வாய்க்கால்தான். கடைசியில் கிடைக்க வேண்டிய பொருள் எந்த மடை கெட்டாலும் கிடைப்பதில்லை. ஆனால் நோய்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றன: ஒன்று கண்ணைத் தாக்குகிறது, இன்னொன்று மூட்டுகளை, மற்றொன்று கல்லீரலை. எது கிடைக்காமல் போனது என்பதைவிட, அடைப்புக்கு மேலே எது தேங்கி நிற்கிறது என்பதே நோயைத் தீர்மானிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

பிறந்த குழந்தையின் பரிசோதனையில் டைரோசின் அதிகம் என்று வந்திருக்கிறது. இந்த நோய்தானா?

பெரும்பாலும் இல்லை. குறைமாதக் குழந்தைகளில், சில நேரம் நிறைமாதக் குழந்தைகளிலும், எச்பிபிடி முழு வேகத்துக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை டைரோசின் கொஞ்சம் தேங்கும். பிறகு தானாகவே சரியாகிவிடும். நொதியில் உள்ள இரும்பைச் செயல்படும் நிலையில் வைத்திருக்க வைட்டமின் சி உதவுவதால், மருத்துவர்கள் சில நேரம் அதைக் கொடுப்பதும் உண்டு.

இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. உண்மையாகவே முதல் வகை நோய் உள்ள குழந்தைக்குப் பிறந்த சில நாட்களில் டைரோசின் இயல்பான அளவில்கூட இருக்கலாம். டைரோசினை மட்டும் பார்க்கும் பரிசோதனை நோயில்லாத குழந்தையின் பெற்றோரைப் பயமுறுத்தும். நோயுள்ள குழந்தையைத் தவறவிடும். அதனால் பார்க்க வேண்டியது சக்சினைல் அசிட்டோன் என்ற பொருளை. குதிகாலில் குத்தி எடுத்துத் தாளில் உலர்த்திய ஒரு சொட்டு ரத்தத்திலேயே அதை அளந்துவிடலாம்.

சக்சினைல் அசிட்டோன் எங்கிருந்து வருகிறது?

ஐந்தாவது மடை அடைபட்டால் அதற்கு மேலே ஃபியூமரைல் அசிட்டோஅசிட்டேட் என்ற பொருள் தேங்குகிறது. அது கல்லீரல் செல்லுக்குள்ளேயே புரதங்களையும் டிஎன்ஏவையும் கடித்துக் குதறும் வகையைச் சேர்ந்தது. அதன் ஒரு பகுதி திசைமாறிச் சக்சினைல் அசிட்டோனாக ஆகிறது. உடலில் அது வேறு வழியில் உருவாவது மிக அரிது என்பதால், அது மிகுந்திருந்தால் நோய் ஏறத்தாழ உறுதி.

அது வெறும் அடையாளம் மட்டும் இல்லை, தானும் ஒரு நஞ்சு. ரத்தத்தின் ஹீம் பகுதியைத் தயாரிக்கும் வரிசையில் உள்ள ஒரு நொதியை அது தடுக்கிறது. அதனால், ஹீம் தயாரிப்பில் கோளாறு உள்ள போர்ஃபிரியா நோயாளிகளுக்கு வருவது போன்ற நரம்புத் தாக்குதல் வருகிறது: தாங்க முடியாத வயிற்றுவலி, கால்வலி, சில நேரம் மூச்சுத் தசைகளையே பாதிக்கும் வாதம். கல்லீரல் நோய்க்காகக் கண்காணிக்கப்படும் குழந்தை திடீரென்று காலை அசைக்க முடியாமல் அழுதால் அதற்குக் காரணம் இதுதான்.

முதல் வகை டைரோசினீமியா எப்படித் தெரியவரும்?

சில குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களிலேயே கல்லீரல் செயலிழக்கிறது: எடை ஏறாது, வயிறு வீங்கும், ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் கசியும். உடலில் இருந்து வேகவைத்த முட்டைக்கோஸ் போன்ற ஒரு வாடை வருவதாகப் பழைய மருத்துவக் குறிப்புகள் சொல்கின்றன. மெதுவாக வரும் வகையில் சிறுநீரகம் பாஸ்பேட்டைத் தக்கவைக்க முடியாமல் வெளியே விட்டுவிடுவதால் எலும்பு வளைந்து ரிக்கெட்ஸ் வரும். இரண்டு வகையிலும், சிகிச்சை இல்லாவிட்டால், சிறு வயதிலேயே கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

உலக அளவில் ஏறத்தாழ 1,00,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது கணக்கு. ஆனால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள சாகுனே-லாக் செயின்ட் ஜான் பகுதியில் 1,846 பிறப்புகளுக்கு ஒன்று. அங்கே குடியேறிய சிறு கூட்டத்தில் இருந்த ஒரு மரபணு மாற்றம், தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத்துக்குள்ளேயே பரவியதன் விளைவு அது. இந்த நோயைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

சரி, நல்ல நொதியை ஏன் முடக்க வேண்டும்?

கடைமடை உடைந்து கிடக்கிறது. அதைச் சரிசெய்ய வழி தெரியவில்லை. அங்கே தேங்கும் தண்ணீர் விஷம். என்ன செய்வீர்கள்? மேலே போய்த் தலைமடைப் பக்கத்தை அடைப்பீர்கள். கறாராகச் சொன்னால் எச்பிபிடி இரண்டாவது மடைதான், தலைமடை இல்லை. ஆனாலும் விஷம் பிறக்கும் இடத்துக்கு வெகு மேலே இருக்கிறது. அதை அடைத்துவிட்டால் ஃபியூமரைல் அசிட்டோஅசிட்டேட் உருவாக மூலப்பொருளே கிடைக்காது.

அடைத்த இடத்தில் தேங்குவது டைரோசின். அது உடலுக்குப் பழக்கப்பட்ட பொருள், டிஎன்ஏவைத் தாக்காது. கல்லீரலைக் கொல்லும் ஒரு நோயைக் கொடுத்துவிட்டு, கண்ணை உறுத்தும் ஒரு நோயை வாங்கிக்கொள்கிறோம். நோய் ஒழிந்துவிடவில்லை, மேல்மடைக்கு இடம் மாறியிருக்கிறது. இந்தப் பண்டமாற்றைத்தான் நான் இந்தச் சிகிச்சையின் சாரம் என்பேன். 'குணமாகிவிட்டது' என்ற சொல்லை இங்கே பயன்படுத்தத் தயங்குவதும் அதனால்தான்.

இந்த மருந்து களைக்கொல்லியில் இருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கதை 1977இல் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. ஸ்டாஃபர் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்த உயிரியலாளர் ஒருவர், பாட்டில்பிரஷ் செடியின் அடியில் மட்டும் களை அதிகம் முளைக்காமல் மண் வெறிச்சென்று இருப்பதைக் கவனித்தார். குப்பி கழுவும் தூரிகையைப் போலச் சிவந்த பூ பூக்குமே, அந்தச் செடி. அடி மண்ணை எடுத்து ஆராய்ந்ததில் லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருள் கிடைத்தது. களையைக் கொல்லும் திறன் அதற்குச் சுமாராகத்தான் இருந்தது. அதன் அமைப்பை மாற்றி மாற்றி, பல மடங்கு வீரியமான மூலக்கூறுகளைத் தயாரித்தார்கள். அவற்றில் ஒன்றுதான் பின்னாளில் நிட்டிசினோன் என்று பெயர் பெற்றது.

களைக்கொல்லியை விற்பதற்கு முன் விலங்குகளில் நச்சுப் பரிசோதனை நடக்கும். நடந்தபோது எலிகளின் கண்ணில் புண் வந்தது. ரத்தத்தைப் பார்த்தால் டைரோசின் எக்கச்சக்கம். இந்த மூலக்கூறு எச்பிபிடியைத் தடுக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. செடியிலும் அதே நொதி இருக்கிறது. அங்கே ஹோமோஜென்டிசிக் அமிலம் எரிக்கப்படும் கழிவு இல்லை. வைட்டமின் இ-யும், ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய பிளாஸ்டோகுயினோனும் அதில் இருந்துதான் உருவாகின்றன. நொதியை அடைத்தால் இலையின் பச்சையத்தைக் காக்கும் நிறமிகள் உருவாகாமல், இலை வெயிலில் வெளுத்துச் செத்துப்போகிறது. ஒரே பூட்டு, இரண்டு வீடுகளில்.

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் ஸ்வென் லிண்ட்ஸ்டெட் என்ற மருத்துவ ஆய்வாளர் இதே நொதியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துகொண்டிருந்தார். களைக்கொல்லி ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு அவரை எட்டியபோது, தன் குழந்தை நோயாளிகளுக்கு வேண்டியது இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. 1991இல் முதல் குழந்தைக்கு மருந்து கொடுக்கப்பட்டது. 1992இல் ஐந்து குழந்தைகளின் விவரம் லான்செட் இதழில் வெளியானது. 2002இல் அமெரிக்காவிலும் 2005இல் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. அதே குடும்பத்து மூலக்கூறான மெசோட்ரியோன் 2001 முதல் மக்காச்சோள வயல்களில் களைக்கொல்லியாகத் தெளிக்கப்படுகிறது. மக்காச்சோளம் அதை வேகமாகச் சிதைத்துவிடுவதால் பிழைத்துக்கொள்கிறது, களை சாகிறது.

"குழந்தைக்குக் களைக்கொல்லியா?" என்று பதறுபவர்களிடம் நான் சொல்வது: எந்த நொதியை, எந்த உடலில், எந்த அளவில் தடுக்கிறது என்பதைப் பாருங்கள். எங்கே முதலில் விற்கத் தயாரித்தார்கள் என்பது மூலக்கூறுக்குத் தெரியாது.

இல்லாத நொதியையே ஊசியாகப் போட்டுவிடலாமே?

சில நோய்களில் அப்படித்தான் செய்கிறார்கள். கோஷே என்ற பரம்பரை நொதிக் குறைபாட்டு நோய்க்கு 1991 முதல் நொதி மருந்து உண்டு. அங்கே நொதி வேலை செய்ய வேண்டிய இடம் செல்லுக்குள் உள்ள லைசோசோம் என்ற சிறு பை. வெளியில் இருந்து வரும் புரதத்தை உள்ளே இழுத்து அந்தப் பையில் சேர்க்கச் செல்லுக்கு இயல்பாகவே ஒரு வாசல் இருக்கிறது. அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதியின் குறைபாட்டில் நஞ்சு ரத்தத்துக்கும் வந்து போவதால், நொதி ரத்தத்தில் மிதந்தாலே போதும்.

எஃப்ஏஎச் வேலை செய்வதோ கல்லீரல் செல்லின் உள்நீரில். ஊசியில் போகும் புரதம் அங்கே நுழைய வாசல் இல்லை. விஷமும் அதே செல்லுக்குள் பிறந்து அங்கேயே சேதம் செய்கிறது, வெளியே வந்து மாட்டிக்கொள்வதில்லை. நிட்டிசினோன் சின்ன மூலக்கூறு. வாயால் விழுங்கினாலே செல்லுக்குள் போய்விடும்.

மருந்தால் எவ்வளவு பலன்?

இரண்டு மாத வயதுக்குள் நோய் வெளிப்பட்ட குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்த காலத்தில் அவர்களில் நான்கு வயது வரை உயிர் வாழும் வாய்ப்பு 29 சதவீதம். நிட்டிசினோன் சேர்ந்ததும் அது 88 சதவீதம்.

இன்னும் நுணுக்கமான பாடம் கியூபெக்கில் இருந்து 2012இல் வந்தது. மருந்து கிடைக்காத 28 குழந்தைகளில் 20 பேருக்குக் கல்லீரல் மாற்று அறுவை தேவைப்பட்டது, 10 பேர் இறந்தார்கள். பிறந்து ஒரு மாதத்துக்குப் பிறகு மருந்து தொடங்கிய 26 பேரில் 7 பேருக்கு மாற்று அறுவை, 2 மரணம். ஒரு மாதத்துக்குள் தொடங்கிய 24 பேரில் ஒருவருக்கும் மாற்று அறுவை இல்லை, ஒரு மரணமும் இல்லை. கடைசி இரண்டு குழுக்களுக்கும் மருந்து ஒன்றுதான். வித்தியாசம் சில வாரங்கள். குதிகால் ரத்தப் பரிசோதனையைப் பற்றி யாராவது அலட்சியமாகப் பேசினால் இந்த எண்களைத்தான் நான் எடுத்துப் போடுவேன்.

மருந்து இருக்கும்போது உணவுக் கட்டுப்பாடு எதற்கு?

மடையை அடைத்தோம், ஆனால் மேலிருந்து தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கிறது. டைரோசின் மிகவும் ஏறினால் கண்ணின் கருவிழிப் படலத்தில் ஊசி ஊசியாகப் படிகம் படியும். குழந்தை வெளிச்சத்தில் கண்ணைத் திறக்காது. கண் சிவந்து நீர் வடியும். ஜன்னல் பக்கம் திரும்பினாலே முகத்தைக் கையால் மூடிக்கொள்ளும். முதல் மடை கெட்டவர்களுக்கு வருவதும் எலிகளுக்கு வந்ததும் இதே கண்புண்தான்.

ஆகவே இயற்கைப் புரதம் அளந்துதான் கொடுக்கப்படும். டைரோசினையும் அதன் மூலமான ஃபீனைல்அலனினையும் நீக்கிய சிறப்பு அமினோ அமிலக் கலவை மீதித் தேவையை நிரப்பும். அந்தக் கலவையின் மணமும் கசப்பும் குழந்தைகளுக்குப் பிடிப்பதில்லை. பதின்ம வயதில் வீட்டில் நடக்கும் சண்டைகளில் பாதி இதைச் சுற்றித்தான் நடக்கும். மருந்து விழுங்குவது ஒரு நிமிட வேலை, உணவுதான் வாழ்நாள் வேலை.

கண் சரி, மூளை? மருந்தில் வளர்ந்த குழந்தைகளில் சிலருக்குக் கவனக் குறைவும் கற்றல் சிரமமும் காணப்படுகின்றன. டைரோசின் அதிகமா, ஃபீனைல்அலனின் அளவுக்கு மீறிக் குறைந்ததா, தொடக்கத்தில் கல்லீரல் பட்ட பாடா என்று ஆய்வாளர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தினால்?

நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில வாரங்களில் நரம்புத் தாக்குதலோடு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகள் உண்டு.

கல்லீரல் மாற்று அறுவைக்கு இனி வேலை இல்லையா?

இருக்கிறது, குறைந்திருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத கல்லீரல் செயலிழப்புக்கும், புற்றுநோய்ச் சந்தேகத்துக்கும் அதுதான் வழி. தாமதமாக மருந்து தொடங்கியவர்களின் கல்லீரலில் ஏற்கெனவே கெட்டுப்போன செல்கள் உட்கார்ந்திருக்கலாம். அதனால் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பல ஆண்டுகள் தொடரும்.

அல்காப்டோனூரியாவும் இதே நொதியோடு சம்பந்தப்பட்டதா?

ஆம், கதையின் பழமையான பகுதியே அதுதான். மூன்றாவது மடை கெட்டால் எச்பிபிடி தயாரிக்கும் ஹோமோஜென்டிசிக் அமிலம் அப்படியே தேங்குகிறது. ஒரு நாளைக்குச் சில கிராம் அளவுக்குச் சிறுநீரில் போகிறது. காற்றில் இருந்தாலோ காரத்தோடு சேர்ந்தாலோ அது கறுக்கும். குழந்தையின் ஈரத் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் மஞ்சளாக இருந்த கறை பழுப்பாகியிருக்கும். சோப்பில் நனைத்தால், வெளுப்பதற்குப் பதிலாக இன்னும் கறுக்கும். துவைப்பவர் எரிச்சலடைவார், ஆனால் அந்தக் கறைதான் நோயின் முதல் சாட்சி.

பிறகு முப்பது வயது வரை பெரும்பாலும் அமைதி. அந்த அமைதியில் நிறமி மெல்ல மெல்லக் குருத்தெலும்பில் படிகிறது. காது மடல் நீலச் சாம்பலாகிறது, வெண்விழியில் பழுப்புப் புள்ளி தெரிகிறது. முதுகு இறுகுகிறது, முழங்காலும் இடுப்பும் தேய்கின்றன. முழங்கால் மாற்று அறுவைக்காக மூட்டைத் திறக்கும் மருத்துவர், முத்துப்போல் வெள்ளையாக இருக்க வேண்டிய குருத்தெலும்பு கரிபோல் இருப்பதைப் பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடிக்கிறார் என்பதும் நடக்கிறது. இதய வால்விலும் படியும், சிறுநீரகத்தில் கல்லும் வரும்.

ஆர்ச்சிபால்ட் கேரட் என்ற ஆங்கில மருத்துவர் 1902இல் இந்த நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். பெற்றோர் பலர் நெருங்கிய உறவினர் என்பதையும், நோய் மெண்டலின் விதிப்படி இறங்குகிறது என்பதையும் எழுதினார். மனிதரில் ஒடுங்கு பண்பாக இறங்கும் நோய் என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது இதுதான். பிறவி வளர்சிதைக் குறைபாடு என்ற கருத்தே இங்கிருந்து பிறந்தது. 1958இல் நோயாளியின் கல்லீரலில் அந்த நொதி இல்லை என்பது நிரூபணமானது. 1996இல் மரபணு பிடிபட்டது. கேரட் எழுதியதில் இருந்து ஏறத்தாழ நூறாண்டுகள், தெரிந்தது அதிகம், செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

அல்காப்டோனூரியாவுக்கும் நிட்டிசினோன் வேலை செய்கிறதா?

கணக்குப்படி வேலை செய்ய வேண்டும். அமிலத்தைத் தயாரிக்கும் நொதியையே மருந்து அடைக்கிறதே. ஆனால் முதல் பெரிய சோதனை ஏமாற்றியது. அமெரிக்காவில் 40 பேருக்கு மூன்று ஆண்டுகள் நடந்த சோதனையில் அமிலம் 95 சதவீதம் குறைந்தது. அளவுகோலாக வைத்திருந்த இடுப்பு மூட்டின் அசைவிலோ தெளிவான வித்தியாசம் இல்லை. பல்லாண்டுகளாகப் படிந்த நிறமி மூன்று ஆண்டில் மறைந்து மூட்டு இளகும் என்று எதிர்பார்த்ததே தவறு என்பது என் கருத்து.

பிறகு லிவர்பூல், பாரிஸ், ஸ்லோவாக்கியாவின் பியெஷ்தியானி ஆகிய மூன்று இடங்களில் 138 பேரைச் சேர்த்து நான்கு ஆண்டுகள் சோதித்தார்கள். ஸ்லோவாக்கியா இதில் வந்ததற்குக் காரணம் உண்டு: அங்கே ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்த நோய் காணப்படுகிறது. தினம் 10 மில்லிகிராம் மருந்தில் சிறுநீரில் அமிலம் 99.7 சதவீதம் குறைந்தது. ஒரு மூட்டின் அசைவை மட்டும் பார்க்காமல் நோயின் மொத்தப் பாதிப்பையும் மதிப்பெண் போட்டு அளந்தபோது, மருந்து பெற்றவர்களுக்கு நோய் மெதுவாகவே முன்னேறியது. முடிவு 2020இல் வெளியானது. அதே ஆண்டு ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்க அனுமதி 2025இல் வந்தது.

இங்கேயும் பண்டமாற்று உண்டு, ஆனால் தராசு வேறு. முதல் வகை டைரோசினீமியாவில் மருந்து உயிரைக் காக்கிறது. கண் உறுத்தலைப் பொறுத்துக்கொள்ளலாம். அல்காப்டோனூரியா உடனே கொல்லும் நோய் இல்லை. எந்த வயதில் மருந்தைத் தொடங்குவது என்பது அதனால்தான் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

பிறவியிலேயே எச்பிபிடி இல்லாதவர்கள் உண்டா?

உண்டு. அதுதான் மூன்றாம் வகை டைரோசினீமியா, மிக அரிது. சிலருக்கு அறிவுவளர்ச்சிக் குறைவும் நடைத் தள்ளாட்டமும் இருந்திருக்கின்றன. பரிசோதனையில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட சிலருக்கு ஒன்றுமே இல்லை. மருந்தால் எச்பிபிடியை அடைத்து வாழ்நாள் முழுக்க வைத்திருப்பது பாதுகாப்பா என்று கேட்பவர்கள் இவர்களைத்தான் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள்.

மரபணுத் திருத்தம் இதைத் தீர்க்குமா?

இந்த நோயில் இயற்கையே ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. சில நோயாளிகளின் கல்லீரலை வெட்டிப் பார்த்தபோது, நோயுள்ள செல்களுக்கு நடுவே எஃப்ஏஎச் நொதியுள்ள முடிச்சுகள் தெரிந்தன. ஏதோ ஒரு செல்லில் பிழை தற்செயலாகத் திருந்தியிருக்கிறது. சுற்றியிருந்தவை விஷத்தில் சாக, அது பிழைத்துப் பெருகியிருக்கிறது.

ஆய்வாளர்கள் இந்தப் போட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2014இல் எம்ஐடி ஆய்வாளர்கள், நோயுள்ள வளர்ந்த எலிகளில், மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவி மூலம் எஃப்ஏஎச் மரபணுவைத் திருத்தினார்கள். முதலில் திருந்தியது 250 கல்லீரல் செல்களில் ஒன்றுதான். நிட்டிசினோனை நிறுத்தியதும் திருந்தியவை பெருகி எலிகளைக் காப்பாற்றின. 2016இல் இன்னொரு குழு கெட்ட மரபணுவைத் தொடவே இல்லை. எச்பிபிடியின் மரபணுவைக் கிரிஸ்பரால் வெட்டிவிட்டது. எலிகள் மருந்தில்லாமல் பிழைத்தன. மருந்து தினம் செய்வதை ஒரே வெட்டில் செய்துவிட்டார்கள். திருத்துவதைவிடக் கெடுப்பது எளிது என்பது கிரிஸ்பருக்கும் பொருந்தும்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. மாத்திரையைக் குறைக்கலாம், கூட்டலாம். மரபணுவை வெட்டிய பிறகு டைரோசின் ஏறினால் உணவைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

மேல்மடையை அடைக்கும் உத்தி வேறு நோய்களில் உண்டா?

உண்டு. முதல் வகை ஹைப்பராக்சலூரியாவில் சிறுநீரகத்தை ஆக்சலேட் படிகம் அடைக்கிறது. 2020இல் வந்த லுமாசிரான், ஆக்சலேட்டுக்கு முந்தைய படியில் உள்ள கிளைக்கோலேட் ஆக்சிடேஸ் நொதியின் உற்பத்தியை ஆர்என்ஏ அளவிலேயே அமுக்குகிறது. அங்கே மேலே தேங்கும் கிளைக்கோலேட் நீரில் எளிதில் கரைந்து வெளியேறிவிடும். டைரோசினைப் போல் கண்ணில் படியாது. அந்த வகையில் அது இன்னும் நல்ல பேரம்.

கொசுவைக் கொல்லவும் இதே மருந்தா?

ஆம், எதிர்பாராத கிளை இது. ரத்தம் குடிக்கும் பூச்சி, புரதம் நிறைந்த ரத்தத்தைத் தன் எடைக்கும் மேலே ஒரே வேளையில் விழுங்குகிறது. அதில் வரும் டைரோசினை எரிக்க எச்பிபிடி இல்லாவிட்டால் அதற்குச் சாவுதான். 2025இல் வெளியான ஆய்வில், நிட்டிசினோன் எடுத்துவரும் அல்காப்டோனூரியா நோயாளிகளின் ரத்தத்தைக் குடித்த அனோஃபிலிஸ் கொசுக்கள் இறந்தன. மலேரியாவுக்கு எதிராக இதைப் பயன்படுத்த முடியுமா என்பது ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது.

நோய் இல்லாதவர்கள் டைரோசினைத் தவிர்க்க வேண்டுமா?

வேண்டாம்.

நாங்கள் இருவரும் ஆரோக்கியமாக இருக்கிறோம். முதல் குழந்தைக்கு எப்படி வந்தது? அடுத்த குழந்தைக்கு?

ஒவ்வொரு நொதிக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு மரபணுப் பிரதிகள் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றொன்று சமாளித்துவிடும். அதனால்தான் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. குழந்தைக்கு இரண்டு கெட்ட பிரதிகளும் சேர்ந்து போய்விட்டன. யார் பக்கத்துக் குற்றம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், இரண்டு பக்கமும் சமம் என்பதே விடை. உறவுக்குள் திருமணம் நடந்திருந்தால், ஒரே முன்னோரிடமிருந்து வந்த பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது.

அடுத்த கருவில் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று, ஒவ்வொரு முறையும். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவர் தப்பிவிடுவார்கள் என்று பொருள் இல்லை. முதல் குழந்தையின் மரபணு மாற்றம் எது என்று தெரிந்திருந்தால் கருவிலேயே பரிசோதிக்கலாம். பனிக்குட நீரில் சக்சினைல் அசிட்டோனையும் அளக்கலாம். இவற்றில் எதையும் செய்யாமல் விட்டாலும், பிரசவத்துக்கு முன்பே குழந்தை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். பிறந்த முதல் நாளிலேயே ரத்தமும் சிறுநீரும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், நிட்டிசினோன் கையிருப்பில் இருக்க வேண்டும்.